அதுவா, அவளா?

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருந்த விஷயம் மக்களே. போன வாரம் டீக்கடையில நடந்த ஒரு பேச்சு அதைக் கிளறி விட்டுடுச்சு.

ஒரு திருநங்கை கடை கடையா கை தட்டிக் காசு வாங்கிட்டுப் போனாங்க. கூட இருந்த நண்பர் (நல்ல மனுஷர், வருஷம் தவறாம ரத்ததானம் பண்றவர்) "எல்லாம் வேஷம் சார். ஆம்பளையாப் பொறந்துட்டு புடவை கட்டினா பொம்பளை ஆயிட முடியுமா? நாளைக்கு நான்தான் கலெக்டர்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்ப பதில் வரல. (எனக்கு எப்பவுமே வீட்டுக்கு வந்தப்புறம்தான் பதில் வரும்.)

கலெக்டர்னு பொய் சொன்னா கார் கிடைக்கும், சல்யூட் கிடைக்கும். தன்னைப் பொண்ணுன்னு சொன்னவங்களுக்கு என்ன கிடைச்சுது? அப்பாகிட்ட அடி, படிப்பு பாதியில, வாடகைக்கு வீடு இல்ல, பஸ்ல பக்கத்து சீட் காலி. காசுக்காகத்தான் இந்த வேஷம்னா, இதைவிட நஷ்டமான வியாபாரம் உலகத்துல இருக்கா?

"உழைச்சுச் சாப்பிடலாமே"ன்னு அடுத்த அம்பு வரும். சேலத்து ப்ரித்திகா யாஷினி உழைக்கத்தான் கேட்டாங்க. எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பம் போட்டா, ஃபாரத்துல ஆண், பெண்னு ரெண்டே கட்டம். சர்டிஃபிகேட்ல பழைய பேரு. விண்ணப்பம் நிராகரிப்பு. கோர்ட்டுக்குப் போய்த்தான் பரீட்சையே எழுத முடிஞ்சுது. ஓட்டத்துல ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேல தாமதம், அதுக்கும் கோர்ட். 2015 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லி, 2017ல தர்மபுரியில எஸ்.ஐ. ஆனாங்க. நம்மள்ல எத்தனை பேர் ஒரு வேலைக்காக இவ்வளவு தூரம் போயிருப்போம்? நானா இருந்தா முதல் நிராகரிப்புலயே மூட்டையைக் கட்டியிருப்பேன்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நம்ம கலாச்சாரத்துல கிடையாதுன்னு சொல்றவங்க. அவங்க தயவுசெஞ்சு நன்னூலைப் புரட்டணும். தொல்காப்பியமே இவங்களை உயர்திணையிலதான் வச்சுது. அப்புறம் 13ஆம் நூற்றாண்டுல வந்த பவணந்தி முனிவர் இன்னும் தெளிவாச் சொல்றார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பறவங்களுக்குப் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பறவங்களுக்கு ஆண்பால். கவனிங்க, பொறப்பைப் பாருன்னு சொல்லல. உடம்பைச் சோதின்னு சொல்லல. விருப்பம் எந்தப் பக்கமோ, வினைமுற்றும் அந்தப் பக்கம். 2014 ஏப்ரல் 15ல உச்சநீதிமன்றம், பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம், ஆபரேஷன் பண்ணினாயான்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னப்போ, எனக்கு நம்ம இலக்கண வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஒண்ணை மறைக்கக் கூடாது. அதே நூற்பாவுல, அஃறிணை மாதிரியும் வரலாம்னு ஒரு வாலையும் முனிவர் சேர்த்திருக்கார். நாம மீதியை எல்லாம் விட்டுட்டு அந்த வாலை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டோம். "அது வருது பாரு."

நானும் சொல்லியிருக்கேன். ஒன்பதாங்கிளாஸ்ல என் பெஞ்சுக்கு முன் பெஞ்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கும், நடை வேற மாதிரி. நாங்க வச்ச பேரே "அது"தான். ஒரு நாள் டிரில் பீரியட்ல நாலு பேர் சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி இழுத்துட்டுப் போய், "நீ ஆம்பளையா பொம்பளையா, காட்டு"ன்னு டவுசரைப் பிடிச்சு இழுத்தாங்க. நான் தொடல. வாத்தியார் வர்றாரான்னு பாத்துக்கிற வேலை என்னோடது. அரைப்பரீட்சைக்கு அந்த பெஞ்சு காலி.

டீக்கடையில நண்பர் கேட்டதும் அதே கேள்விதானே? மரியாதையாக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பல வருஷம் கழிச்சு ஒரு பஸ் ஸ்டாண்டுல புடவையில ஒருத்தங்க என் இனிஷியலோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. குரல் மாறல. என்ன பண்றதுன்னு தெரியாம பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன். அவங்க வாங்கல, "நல்லாருக்கியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. பஸ் வந்துடுச்சுன்னு ஏறிட்டேன். அது என் பஸ்ஸே இல்ல.

முன் பெஞ்சு பத்தியை எழுதறப்போ முதல்ல "அவன்"னுதான் வந்துச்சு. அழிச்சுட்டு, அவனும் இல்லாம அவளும் இல்லாம வாக்கியத்தை ஒட்டவச்சேன். ஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருந்த பேரு இப்பவும் ஞாபகம் இருக்கு. அவங்களா வச்சுக்கிட்ட பேரு என்னன்னு அன்னிக்கு நான் கேக்கல.