ஒரு வால்வு இல்லேன்னா மொத்தமும் நிக்கும்!



2020 மார்ச். இத்தாலியில் கொரோனா உச்சம். பிரேஷா பக்கத்துல கியாரி ஊர் மருத்துவமனையில், சுவாசக் கருவிக்கான வெஞ்சுரி வால்வு தீர்ந்துபோச்சு. சப்ளையர் கையை விரிச்சாச்சு. உள்ளூர் இன்ஜினியர் கிறிஸ்டியன் ஃபிரகாஸி அந்த வால்வை அளந்து, டிசைன் போட்டு, 3டி பிரிண்டரில் மாதிரி எடுத்தார். சில மணி நேர வேலைதான்! அடுத்து 100 வால்வு அடிச்சுக் கொடுத்தாங்க.

"பொம்மை அடிக்கிற மெஷின்தானே"ன்னு சிலர் சொல்றாங்க. லட்சக்கணக்கில் பாகம் அடிக்க இது சரிப்படாது, உண்மை. ஆனா காசு போட்டு அச்சு வெட்டுறதுக்கு முன்னாடியே தப்பு தெரிஞ்சுடும். அதைவிட முக்கியம், டிசைன் ஃபைல் கையில இருந்தா ஒரு சப்ளையர் படுத்தாலும் இன்னொரு பட்டறையில வேலை ஓடும்.

நம்ம கோவைக்கு வாங்க. பம்ப் வார்ப்புக்கு மரத்துல பேட்டர்ன் செய்யவே நாள் கணக்கில் ஆகும். அதையே பிரிண்ட் எடுத்து மண்ணுல பதிக்கலாம். ஆனா அஞ்சு பேர் வேலை செய்யிற பட்டறை சொந்தமா ஸ்கேனர், பிரிண்டர் வாங்க முடியுமா? டிசைன் போட ஆளும் வேணுமே! (மெக்கானிக்கல் படிச்ச என் செட்டுல பாதி பேர் ஐடிக்குப் போயாச்சு.)

தனித்தனியா மெஷினுக்கு மானியம் கொடுத்தா மட்டும் போதாது. ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும், மணி நேர வாடகைக்கு ஒரு பொது டிசைன் கூடம் வேணும். உங்க ஊர் தொழிற்பேட்டை பேரைக் கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து கேட்போம்.