இருளும் ஓர் இயற்கை வளமே

மார்கழி, தை மாதங்களின் முன்னிரவில் கிழக்கு வானில் செந்நிறமாய் எழும் திருவாதிரை விண்மீனைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமான அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அது வெடித்துச் சிதறப் போகிறதோ என்னும் ஐயமும் எழுந்தது.

விடை சிலி நாட்டு மலையுச்சியில் கிடைத்தது. அங்குள்ள ஐரோப்பியத் தென்வான் ஆய்வகத்தின் பெருந்தொலைநோக்கி, காற்றின் அலைவால் கலங்கும் ஒளியை வளைந்து கொடுக்கும் ஆடியால் உடனுக்குடன் திருத்தி, நுண்ணிய படங்களைப் பதிவு செய்தது. அவற்றில் விண்மீனின் தென்பகுதி இருண்டிருந்தது. மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததையும், முன்னர் வெளியேறிய வளிமம் தூசியாக உறைந்து ஒளியை மறைத்ததையும் 2021இல் வெளியான ஆய்வு விளக்கியது.

முதுமையுற்ற சிவப்பு அரக்க விண்மீன்களைச் சுற்றியும் இத்தகைய தூசி உருவாகிறது. அவை விம்மித் தணியும்போது புறவளிமம் மேலெழுந்து குளிர்கிறது; அதில் தூசித் துகள்கள் உறைகின்றன. விண்மீனின் ஒளி அவற்றை வெளியே தள்ள, வளிமமும் உடன் செல்வதாகக் கருதப்படுகிறது. மண்ணும் பாறையும் ஆன பொருள்களில் ஒரு பங்கு இவ்வாறு பிறந்ததே. ஆகவே, விண்மீன் தூசியை ஆராய்வது புவியின் பிறப்பை ஆராய்வதுமாகும்.

இவ்வாராய்ச்சி பெருங்கருவிகளுக்கு மட்டும் உரியதன்று. திருவாதிரை மங்குவதை முதலில் கண்டறிந்தோர், சிறு தொலைநோக்கியால் அதன் ஒளியைப் பல்லாண்டுகளாக அளந்து வந்தவர்களே. மீரா என்னும் சிவப்பு அரக்க விண்மீன் ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தோன்றி மறைகிறது. திருவாதிரையை நகரிலும் காணலாம். மீரா மெல்ல மங்கி மறைவதைத் தொடர்ந்து காண இருண்ட வானம் வேண்டும்.

அத்தகைய வானம் அருகி வருகிறது. இந்நிலையில், கொல்லிமலையின் அரியூர்ச் சோலைப் பகுதியில் இருள்வானப் பூங்கா அமைக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்திருப்பது வரவேற்கத்தக்கது. ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு பெயரால் 1986 முதல் விளங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அறிஞர்களுக்குரியது. கொல்லிமலை வானமோ மாணவர்களுக்கும் உழவர்களுக்கும் உரியதாகலாம்.

மலைவாழ் மக்களுக்கு விளக்கு வேண்டாவா என்னும் வினா நியாயமானதே. இரவில் நோயாளியைச் சுமந்து செல்வோர்க்கும் படிக்கும் பிள்ளைக்கும் வெளிச்சம் இன்றியமையாதது. ஆயினும், வானை நோக்கிச் சிதறும் ஒளி எவர் பாதையையும் காட்டுவதில்லை. கீழ்நோக்கிய மூடியும் தேவையான அளவு ஒளியும் உள்ள விளக்குகள் தெருவுக்கும் உதவும், வானையும் காக்கும். முதலில் பூங்காவைத் திறந்துவிட்டுப் பின்னர் விளக்குகளைத் திருத்த முயல்வது முறையன்று. சுற்றுலா விடுதிகளும் சாலைகளும் பெருகுமுன்பே ஒளி விதிகளை வகுத்தல் வேண்டும். அவ்விதிகளை வகுப்பதில் மலைவாழ் மக்களுக்கே முதலிடம் தருதல் வேண்டும்.

காட்டை அழித்தால் மீண்டும் வளர்க்கப் பல தலைமுறைகள் தேவை. இருளை மீட்கவோ விளக்குகளைச் சற்றே தாழ்த்தினால் போதும். இவ்வளவு எளிதில் காக்கத்தக்க வளத்தை இழப்பது அறிவுடைமை ஆகாது.