செத்தபின் பிண்டமா? இருக்கும்போது கஞ்சியா?

நமது நாட்டில் பெற்றோர்களைத் தெய்வமாகக் கொண்டாடுகிறோம் என்று பெருமை பேசிக்கொள்ளாதவர் எவரும் இல்லை. மேடை ஏறுகிறவர்களும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர்களும், புராணம் படிக்கிறவர்களும் இதையே சொல்லுகிறார்கள். நாமும் இதை மறுக்கப் போவதில்லை. உண்மையிலேயே தெய்வத்தை நடத்துவது போலத்தான் பெற்றோரையும் நடத்துகிறார்கள். எப்படியென்றால், தெய்வத்திற்குப் படைக்கிற சோறு தெய்வத்தின் வயிற்றுக்குப் போவதில்லை. பெற்றோருக்குச் சோறு படைப்பதும் அது அவர்கள் வயிற்றுக்குப் போக முடியாத காலம் வந்த பிறகுதான்.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் திருவரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். கால் வைக்க இடமிராது. எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள், பிண்டம் உருட்டுகிறவர்கள், தட்சணை கொடுக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். இவர்களில் எத்தனை பேர் தகப்பன் உயிரோடிருந்தபோது மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? எத்தனை பேர் தாய்க்குக் கண் தெரியவில்லை என்றவுடன் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்? இதைக் கேட்டால் நாம் நாஸ்திகர். கேட்காமல் கும்பிட்டால் ஆஸ்திகர்! புரோகிதர் கேட்கிற தட்சணைக்குக் கணக்குப் பார்க்காத மகன், தாய் கேட்கிற வெற்றிலைக் காசுக்குக் கணக்குப் பார்க்கிறான். காரணம், புரோகிதர் நரகத்தைக் காட்டிக் கேட்கிறார். தாய் வெறுங்கையை நீட்டிக் கேட்கிறாள்.

நிற்க, திருவரங்கத்திற்கு வேறொரு விதத்திலும் நம் ஜனங்கள் வரவேண்டியிருக்கிறது. வையம்பட்டி அடங்கிய மணப்பாறை தாலூகா, திருவரங்கம் வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பிள்ளைகளால் கைவிடப்பட்ட வையம்பட்டிக் கிழவர் ஒருவர் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட வேண்டுமானால், அந்தக் கோட்டத்து ஆர்.டி.ஓ.விடம்தான் போடவேண்டும். உயிரோடிருக்கும்போது தகப்பன் மனுவோடு வருகிறார். செத்தபின் மகன் எள்ளோடு வருகிறான். இந்த இரண்டு பயணத்தில் முதலாவது நடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வது எப்படி என்பதைப் பற்றித்தான் நாம் இங்கு எழுதுகிறோம்.

கேடு எங்கே ஆரம்பிக்கிறது? பத்திரத்தில் ஆரம்பிக்கிறது. மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குகிற குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமலும், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்காமலும் பணத்தை அவிழ்ப்பதில்லை. அவ்வளவு விவரம் தெரிந்தவர், எழுபது வயதில் தம்முடைய இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சையையும் ஓட்டு வீட்டையும் மகன் பேருக்கு எழுதி வைக்கும்போது மட்டும், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் கைநாட்டு வைத்துவிடுகிறார். “அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுத்திருக்கிறேன், இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்” என்று அதில் எழுதியிருக்கும். தமக்குச் சோறு போடவேண்டும் என்றோ, அந்த வீட்டில் சாகும் வரை குடியிருக்கத் தமக்குப் பாத்தியதை உண்டு என்றோ ஒரு வரிகூட இருக்காது. கேட்டால், “பெற்ற பிள்ளையிடம் போய் ஷரத்து எழுதி வாங்குவதா? ஊரார் என்ன நினைப்பார்கள்?” என்கிறார். திண்ணையில் பட்டினி கிடக்கும்போது அந்த ஊரார் ஒருவரும் கஞ்சி கொண்டுவருவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் நிறைவேற்றப்பட்டது. இந்த மாகாணத்திற்கான விதிகள் 2009இல் செய்யப்பட்டன. தம்முடைய வருமானத்தாலோ சொத்தாலோ பிழைக்க முடியாத பெற்றோரை மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் காப்பாற்றியாக வேண்டும் என்று அது சொல்லுகிறது. பிள்ளையில்லாதவர்களை, அவர்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது அடையப்போகிற உறவினர் காப்பாற்ற வேண்டும். மனு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிவாக வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மனுதாரரால் முடியாவிட்டால் அவர் அனுமதி கொடுத்த வேறொருவரோ ஒரு சங்கமோ மனுச் செய்யலாம். உத்தரவுப்படி பணம் கட்டாதவனை ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சொத்தைப் பற்றி 23ஆவது பிரிவு பேசுகிறது. தம்மைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டவர் அப்படிச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாதென்று ஆக்கலாம் என்கிறது. ‘நிபந்தனையோடு’ என்ற இந்த ஒரு சொல்லில்தான் எத்தனையோ முதியோருடைய தலையெழுத்து தொங்குகிறது. பத்திரத்தில் நிபந்தனை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. முதியோருக்கு நன்மை செய்வதற்காக வந்த சட்டம் இது, ஆகையால் தாராளமாகவே பொருள் கொள்ளவேண்டும் என்று அதே கோர்ட்டு 2025 ஜனவரியில் சொல்லிற்று. பின்னால் வந்தது நல்ல தீர்ப்பே. ஆனால் படுக்கையில் கிடக்கிற கிழவி ஒருத்தி, எந்தத் தீர்ப்பு தன் வழக்குக்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்க முடியுமா? பத்திரம் எழுதுகிற அன்றைக்கு நாலு வரி கூடுதலாக எழுதினால் அந்த வழக்கே தேவையில்லையே!

ஆகவே வயதானவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். முதலாவது, கூடியவரையில் உயிரோடிருக்கும்போது சொத்தை மாற்றாதீர்கள். உயில் எழுதுங்கள். உயில் நீங்கள் இறந்த பிறகுதான் அமலுக்கு வரும். புத்தி தெளிவாயிருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். ரிஜிஸ்தர் செய்வது நல்லது. இரண்டாவது, பத்திரம் எழுதியே தீரவேண்டுமானால், ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் விளைச்சலை அனுபவிக்கவும் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பாத்தியதை வைத்துக்கொண்டு எழுதுங்கள். மூன்றாவது, உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம், படுக்கையில் விழுந்தால் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றையும் பேர் சொல்லி நிபந்தனையாக எழுதி, தவறினால் பத்திரம் ரத்து என்றும் எழுதுங்கள். நல்ல மகனுக்கு இந்த வரிகளால் ஒரு நஷ்டமும் இல்லை. இதைக் கண்டு கோபிக்கிற மகனுக்குத்தான் இந்த வரிகள் கட்டாயம் வேண்டும்.

இனி மற்றொரு சங்கதி. மகன்தான் கடைசிக் காலத்தில் காப்பான், அவன் பிண்டம் போட்டால்தான் நரகம் தப்பும் என்று சொல்லி, மகளுக்குச் சொத்தில் ஒன்றுமில்லாமல் செய்து வைத்திருந்தார்கள். பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரையிலும், இந்தியா முழுமைக்கும் ஆக 2005 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் நடப்பில் இன்றைக்கும் என்ன காண்கிறோம்? சொத்து மகனுக்கு, மலஜலம் எடுப்பது மருமகளுக்கு! மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பதும், புண்ணைக் கழுவுவதும், இரவில் விழித்திருப்பதும் அவள். ‘தாயைக் காப்பாற்றுகிற மகன்’ என்ற பேர் மட்டும் அவனுக்கு. கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை, பேரும் இல்லை என்ற நிலையில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, அவள் முகம் சுளித்தாள் என்று குற்றம் சொல்லுவது யோக்கியமாகாது. மகனும் மகளும் சமமாய்ச் சொத்தை அடைய வேண்டும். சமமாய்ச் செலவையும் உழைப்பையும் ஏற்கவேண்டும்.

மற்றபடி, பத்திரம் எழுதச் சொத்தே இல்லாதவர்கள் கதி என்ன? ஆயுள் முழுதும் பிறர் காட்டில் களை எடுத்தவர்கள், கல் உடைத்தவர்கள். அவர்கள் பிள்ளைகளும் அன்றாடம் கூலிக்காரர்கள். அந்தப் பிள்ளை மேல் உத்தரவு போட்டு என்ன வரும்? இந்த இடத்தில்தான் சர்க்காரின் யோக்கியதையைப் பார்க்க வேண்டும். மாவட்டத்திற்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி, இல்லம் ‘அமைக்கலாம்’ என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. மகனுக்கு ‘வேண்டும்’, சர்க்காருக்கு ‘லாம்’! ஜீவனாம்சத்திற்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாதென்று 2007இல் வரம்பு கட்டினார்கள். அதை எடுத்துவிட 2019இல் கொண்டுவந்த மசோதா, 2024இல் லோக்சபை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது நாள் ஒன்றுக்கு 40 ரூபாய். கிண்டியில் 2024இல் முதியோருக்கென 200 படுக்கையுள்ள பெரிய ஆஸ்பத்திரி திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் வையம்பட்டியில் இடுப்பெலும்பு முறிந்த கிழவி கிண்டிக்கு எப்படிப் போவாள்? 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. அது நல்ல காரியம். ஆனால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டாமா?

மேல்நாட்டார் பெற்றோரைத் தெருவில் விடுகிறவர்கள் என்று நம்மவர்கள் ஏளனம் பேசுகிறார்கள். ஜெர்மனியில் 1995 முதல், எழுந்து நடமாட முடியாதவர்களைப் பராமரிப்பதற்கென்றே கட்டாய இன்ஷூரன்ஸ் நடக்கிறது. ஜப்பானில் 2000 முதல் நடக்கிறது. 40 வயதானவுடன் ஒவ்வொருவரும் சந்தா கட்டுகிறார்கள், முதுமையில் வீட்டுக்கு ஆள் வந்து குளிப்பாட்டி விடுகிறார். நாமோ 40 வயதில் ஜோசியனுக்குக் கட்டுகிறோம். 80 வயதில் தலைவிதி என்கிறோம். 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட காலத்தில், இத்தனை பேரையும் ‘பாசம்’ ஒன்றே காப்பாற்றிவிடும் என்பது ஏமாற்றுப் பேச்சு.

எனவே நாம் கேட்பவை இவை. ஜீவனாம்ச விசாரணை மாதம் ஒரு நாளாவது வையம்பட்டி போன்ற ஒன்றிய ஊர்களிலேயே நடக்கவேண்டும். ‘அமைக்கலாம்’ என்பது ‘அமைக்கவேண்டும்’ என்று திருத்தப்படவேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பார்க்கப் பயிற்சியும் சம்பளமும் உள்ள ஆட்கள் வேண்டும். ரிஜிஸ்தர் ஆபீசில், காப்பாற்றும் நிபந்தனை இல்லாத பத்திரத்தை முதியவர் கொண்டுவந்தால், அதன் விளைவை அவருக்குப் படித்துச் சொல்லிய பிறகே பதிவு செய்யவேண்டும்.

இதெல்லாம் வருகிறவரையில் சும்மா இருக்கவேண்டியதில்லை. தோழர்கள் தங்கள் ஊரில் கைவிடப்பட்டவர் யார் என்று கணக்கெடுத்து, மனு எழுதிக் கொடுத்து, கூடவே போய் நிற்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணை ஒவ்வொரு டீக்கடையிலும் எழுதி வைக்கலாம். அமாவாசைச் செலவை நிறுத்தி அந்தப் பணத்தில் உயிரோடிருக்கிறவருக்கு ஒரு கட்டிலோ, ஊன்றுகோலோ, மூக்குக்கண்ணாடியோ வாங்கிக் கொடுக்கலாம். காக்கைக்குச் சோறு வைத்துக் கூவிக் கூப்பிடுகிற வாயால், திண்ணையில் இருக்கிறவரை ஒரு தடவை “சாப்பிட வாருங்கள்” என்று கூப்பிட்டால், அதைவிடப் பெரிய திதி வேறொன்றும் இல்லை.