அச்சமும் அதிர்ச்சியும்

பேய்ப்படம் என்றால் இருளிலிருந்து திடுமென ஓர் உருவம் பாய்தல் வேண்டும், பேரொலி செவியைப் பிளத்தல் வேண்டும் என்று நம் மாணவருட் பலர் கருதுகின்றனர். பாயாத படத்தை 'மெதுவாகச் செல்கிறது' என்று ஒதுக்கியும் விடுகின்றனர். இஃது எமக்கு உடன்பாடன்று. முதுகுப்புறம் நின்று ஒருவன் தகரத்தைத் தட்டினால் பசுவுந்தான் துள்ளும். அத்துள்ளல் உடலின் செயலேயன்றிக் கலையின் பயனாகாது. மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கே அதற்கு நிலைக்களன் என்றார். தகரவோசையை அவர் சேர்த்திலர்.

2009-ஆம் ஆண்டில் விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' என்னும் படத்தை நோக்குக. மாதவன் நடித்த மனோகர் தன் குடும்பத்தாருடன் பதின்மூன்றாம் மாடியிலுள்ள புதுவீட்டிற் குடிபுகுகிறான். ஆங்கு நிகழ்வன யாவை? பால் நாள்தோறும் திரிகிறது. பூசையறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. அவன் தனியே ஏறினால் லிப்ட் நகர்வதில்லை. பிறர் உடன் ஏறின் நகர்கிறது. இவற்றுள் எதுவும் அலறத்தக்கதன்று. கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் வாழும் எம்போல்வார்க்குப் பால் திரிதலும் லிப்ட் நிற்றலும் சித்திரை மாதத்து வழக்கங்கள். வீட்டுக்கடனே அவற்றினும் பெரிய பேய். அதனாலன்றோ இப்படம் எம்மைப் பற்றியது! பழம்படங்களில் ஆவிகள் பாழ்மாளிகையில் உலவின. 1963-இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'யிலும் மாளிகைதான். அம்மாளிகைவிட்டு வெளிப்போந்தால் பிழைத்தோம். சொந்தக் கூடத்தை விட்டு எங்குச் செல்வது?

அக்கூடத்தில் பகல் ஒரு மணிக்குப் பெண்டிர் ஒரு தொலைக்காட்சித் தொடர் காண்கின்றனர். அதன் பெயரும் 'யாவரும் நலம்'. அதிலும் ஒரு குடும்பம் புதுவீடு புகுகிறது. திரையில் தங்கை தேர்வில் வெற்றியுற, வீட்டிலும் தங்கை வெற்றியுறுகிறாள். அங்கு மருமகள் கருவுற, இங்கும் அவ்வாறே. நன்மையே நிகழும் இக்காட்சிகளிலேதான் நமக்கு நடுக்கம் பிறக்கிறது. தொடர்கதை நெடுநாள் நன்மையில் நில்லாதென்பதை அறியாதார் யார்? உணர்ந்தவன் மனோகர் ஒருவனே. வீட்டாரிடம் வாய்திறவாமல் அடுத்த நாள் ஒரு மணிக்குக் காத்திருக்கிறான். அவர்பால் அவன் கொண்ட அன்பே அவனுக்கு அச்சமாகிறது. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு பட்டப்பகலையும் ஐயுறச் செய்கிறது.

இறுதிப் பகுதியில் இயக்குநர் பொறுமையிழந்தார் என்பது எம் எண்ணம். காரணங்கள் அனைத்தும் விளக்கப்படுகின்றன, சுத்தியலும் வெளிவருகிறது. விளக்கம் பெற்ற பேய் பாதிப்பேயே.

பின்னர் வந்த 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) முதலியன நகைப்பையும் அலறலையும் கலந்து பெரும்பொருள் ஈட்டின. அவற்றை இகழ்வேமல்லேம், சிறுவரோடு கண்டு யாமும் நகைத்தோம். ஆயினும் அவ்வழி ஒன்றே வழியென்று கொள்வாராயின், காத்திருக்கத் துணியும் இயக்குநர்க்கு இடமேது? 2014-லேயே மிஷ்கின் 'பிசாசு' தந்தார். விபத்தில் மாண்ட பெண்ணொருத்தி, சாகுங்கால் தன் கைப்பற்றியவன் இல்லத்தில் தங்கி, அவன் மதுப்புட்டிகளை அகற்றுகிறாள். அது பேய்ப்படமே அன்றென்று நம்முட் சிலர் இன்றும் வழக்காடுகின்றனர்.