ஒரே கேபிளில் ஆமையும் முயலும்

2023 ஏப்ரல் 25-இல் திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து கேரளத்தின் முதல் வந்தே பாரத் கோட்டயம் வழியே காசர்கோட்டுக்குப் புறப்பட்டது. செப்டம்பரில் இரண்டாவது வண்டி வந்தது, ஆலப்புழை வழியே. எறணாகுளத்துக்கும் அம்பலப்புழைக்கும் இடையே அப்போது ஒற்றைப் பாதை. வந்தே பாரத்துக்கு வழிவிட்டுத் தங்கள் வண்டி காத்துக்கிடக்கிறது என்று அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள்.

இந்தப் புலம்பல் பழைய கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர்களில் பட்டையான ஒரே ஐடிஇ கேபிளில் இரண்டு டிரைவ்களை மாட்டலாம். வேகமான ஹார்ட் டிஸ்க்கோடு மந்தமான சிடி-ராம் டிரைவைச் சேர்த்தால் இரண்டும் மந்தமாகிவிடும் என்பது கடைக்காரர்களின் வேதவாக்கு. அதில் பாதிதான் உண்மை. தொடக்கக் காலக் கன்ட்ரோலர்கள் சில, இரு டிரைவ்களுக்கும் ஒரே வேகத்தைத்தான் வைத்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்தவை ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் கொடுத்தன.

பிறகும் ஏன் தாமதம்? காரணங்கள் இரண்டு. முதலாவது கேபிள். 40 கம்பி கொண்ட கேபிளில் நொடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேல் நம்பிக்கையாக அனுப்ப முடியாது. 66 வேண்டுமென்றால் 80 கம்பி வேண்டும். ரயிலிலும் இதே கதை. 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய வண்டி, வளைவுகள் மலிந்த பழைய பாதையில் சராசரியாக 80-ஐக்கூட எட்டவில்லை. அது பாசஞ்சர் வண்டியின் குற்றமல்ல.

இரண்டாவது காரணம் காத்திருப்பு. ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் கேபிளைப் பயன்படுத்தலாம். சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் இரண்டும் மாறி மாறிக் காத்திருக்கும். இருவரையும் தனித்தனிக் கேபிளில் மாட்டச் சொன்னதற்கு நியாயமான காரணம் இதுதான். பழைய டிஸ்க்கிலிருந்து புகைப்படங்களை மீட்க நினைப்பவருக்கு இன்றும் அது பொருந்தும்.

ஒரு விசித்திரம். அந்த டிரைவ்களுக்கு மாஸ்டர், ஸ்லேவ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் மாஸ்டருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. முதலில் பிடித்தவன் முடிக்கும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும், அவன் எவ்வளவு வேகக்காரனானாலும். கேபிளுக்கு அந்தஸ்து தெரியாது. தண்டவாளத்துக்குத் தெரியும். அங்கே ஒதுங்கி நிற்பது எப்போதும் மலிவான டிக்கெட்காரர்தான். வேகத்தின் லாபம் ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு. அந்தக் கணக்கு டைம் டேபிளில் அச்சாவதில்லை.

கம்ப்யூட்டர் உலகம் தீர்வு கண்டுவிட்டது. 2003 வாக்கில் வந்த சாட்டா முறையில் ஒரு டிரைவுக்கு ஒரு மெல்லிய கேபிள். சண்டை முடிந்தது. கேரளமும் அதையே முயன்றது. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கி.மீ. தனிப் பாதை, மதிப்பீடு ஏறக்குறைய 64,000 கோடி ரூபாய். அதுதான் சில்வர்லைன். 2022-இல் சர்வே கற்களை மக்கள் பிடுங்கி எறிந்தார்கள்; திட்டம் முடங்கியது.

கேபிள் இழுக்க யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. பாதை போட வேண்டும். தனிப் பாதை வரும்வரை ஒரே பாதையில்தான் ஓட வேண்டுமென்றால், யார் எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள் என்பதையாவது ரயில்வே வெளிப்படையாகச் சொல்லலாம்.