புத்தகம் படிக்கும் மெஷின்: எழுத்தாளருக்குக் கூலி உண்டா?

நியூயார்க்: புத்தகத்தை மெஷினே வாய்விட்டுப் படிச்சுக் காட்டினால் கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இதுவே அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்கும் அமேசான் நிறுவனத்துக்கும் இடையே பெரும் மோதலைக் கிளப்பியது.

2009 பிப்ரவரியில் 359 டாலர் விலையில் 'கிண்டில் 2' என்ற மின்நூல் கருவியை அமேசான் அறிமுகம் செய்தது. எழுத்தைக் கம்ப்யூட்டர் குரலில் வாசிக்கும் வசதி அதில் இருந்தது.

உடனே 'ஆதர்ஸ் கில்ட்' என்ற எழுத்தாளர் சங்கம் போர்க்கொடி தூக்கியது. அங்கே புத்தகத்துக்கு ஒரு காசு, ஒலிநூலுக்குத் தனிக் காசு. தேங்காய்க்கு ஒரு விலை, மட்டைக்கு ஒரு விலை மாதிரி. மெஷினே படிச்சுட்டா ஒலிநூலை யார் வாங்குவாங்க என்பதே அவர்கள் கவலை.

தங்கள் மீது சட்டப்படி தப்பில்லை என்றது அமேசான். ஆனாலும் அந்த மாதக் கடைசியிலேயே இறங்கி வந்தது. எந்தப் புத்தகம் பேசலாம், எது பேசக்கூடாது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என அறிவித்தது.

அடி விழுந்தது பார்வையற்றோருக்கு. காசு கொடுத்து வாங்கியும் புத்தகம் ஊமையாகி விடுமே என்று கொதித்த அவர்கள், ஏப்ரலில் நியூயார்க்கில் சங்க அலுவலகம் முன் ஆர்ப்பாட்டத்தில் குதித்தனர்.

2023-ல் காட்சி மாறியது. கம்ப்யூட்டர் குரலில் ஒலிநூல் தயாரிக்கும் திட்டத்தை அமேசானே சோதனை முறையில் தொடங்கியது. அதில் எழுத்தாளருக்கு விலையில் 40 சதவீதம் ராயல்டி.

ஆக, குரல் மெஷினுடையது என்றாலும் சரக்கு எழுத்தாளருடையது. அவருக்குக் கூலி கொடுக்கணும். அதுக்காகக் கண் தெரியாதவர் வாங்கின புத்தகத்துக்குப் பூட்டு போடுவது நியாயமில்லை.