ஆற்றுக்கு அந்தக் கரையில் கஞ்சாக் கடை! இந்தக் கரையில் ஜெயில்!

அமெரிக்காவில் ஸ்நேக் என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஸ்நேக் என்றால் பாம்பு. அந்தப் பாம்பு ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பது ஆரிகன் மாநிலம். கிழக்குக் கரையில் இருப்பது ஐடஹோ மாநிலம். நடுவே ஒரு பாலம்.

பாலத்துக்கு மேற்கே ஒண்டாரியோ என்ற சிற்றூர் இருக்கிறது. (கனடாவில் உள்ள ஒண்டாரியோ வேறு, அது பெரிய மாகாணம். இது சுமார் 11 ஆயிரம் பேர் வாழும் ஊர்.) இந்த ஊரில் கஞ்சாக் கடைகள் இருக்கின்றன. திருட்டுக் கடைகள் அல்ல. லைசென்சு வாங்கி, விளக்குப் போட்டு, பட்டப்பகலில் வியாபாரம் செய்யும் கடைகள்!

கடை வாசலில் நிற்கும் கார்களில் பல, ஐடஹோ நம்பர் போட்டவை. ஐடஹோவின் தலைநகரான பாய்சியில் இருந்து இந்த ஊர் சுமார் 90 கிலோ மீட்டர். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

எப்படி வந்தது?

ஆரிகன் மக்கள் 2014-ம் ஆண்டில் ஓட்டுப் போட்டு, வயது வந்தவர்கள் கஞ்சா வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள். 2015 அக்டோபரில் விற்பனை தொடங்கியது. ஒண்டாரியோ ஊர் முதலில் "எங்களுக்கு வேண்டாம்" என்று ஒதுங்கி நின்றது. 2018 நவம்பரில் ஊர் மக்கள் மனம் மாறி ஓட்டுப் போட்டார்கள். மறு ஆண்டு கடைகள் வந்தன.

மனம் மாறியதற்குக் காரணம் என்ன? வரிப் பணம் என்று சொன்னால் பெரிய தவறாகாது. கஞ்சாவுக்கு மாநில வரி 17 சதவீதம். ஊருக்கு 3 சதவீதம். 100 டாலர் சரக்கு வாங்கினால் 20 டாலர் வரி. அதில் பெரும்பங்கைக் கட்டுவது யார்? எதிர்க்கரையில் இருந்து வருகிறவர்கள்தான்!

கடைக்குள் போனால்...

வாசலிலேயே அடையாளச் சீட்டு கேட்பார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டார் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பல கடைகளில் ரொக்கப் பணம்தான் செல்லும். மத்திய அரசின் சட்டத்துக்குப் பயந்து பெரிய பாங்கிகள் இந்த வியாபாரத்தின் பக்கம் வருவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது தின்பண்டத்தில். கஞ்சாச் சத்து கலந்த சாக்லேட், மிட்டாய் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் அழகாக அடுக்கியிருக்கும். ஒரு துண்டுக்கு 10 மில்லி கிராம்தான் இருக்கலாம் என்பது ஆரிகன் விதி. பழக்கம் இல்லாதவருக்கு அதுவே அதிகம். புகை சில நிமிடத்தில் தலைக்கு ஏறும். தின்பண்டம் அப்படி அல்ல. அரை மணி நேரம் ஆகலாம். இரண்டு மணி நேரமும் ஆகலாம். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொரு துண்டைப் போட்டால், இரண்டும் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பிரபல கட்டுரையாளர் மௌரீன் டவுட் 2014-ல் கொலராடோ மாநிலத்துக்குப் போனார். ஓட்டல் அறையில் கஞ்சா சாக்லேட்டைக் கடித்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கடித்தார். பிறகு எட்டு மணி நேரம் பயத்தில் நடுங்கிச் சுருண்டு கிடந்தார்! புதியவர்கள் அந்தச் சாக்லேட்டை 16 துண்டாக வெட்டிச் சாப்பிட வேண்டுமாம். அது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதை அவரே எழுதினார்.

பெரியவர் கதி இது. குழந்தைகள்? மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிடுகின்றன. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இப்படித் தின்றதாக அமெரிக்க விஷ முறிவு நிலையங்களுக்கு 2017-ல் வந்த தகவல்கள் 207. 2021-ல் 3,054!

வாங்கியதை நடுத்தெருவிலோ பூங்காவிலோ பிடிக்கக் கூடாது. பல ஓட்டல்களிலும் தடை. போதையோடு கார் ஓட்டினால் ஆரிகனிலும் குற்றம்தான்.

பாலம்

மிச்சம் இருப்பதைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? கையில் ரசீது இருந்தாலும் பயன் இல்லை. ஐடஹோவில் கஞ்சா வைத்திருப்பது குற்றம். மூன்று அவுன்சுக்கு உள்ளே, அதாவது சுமார் 85 கிராம் வரை இருந்தால், ஓர் ஆண்டு வரை ஜெயில், ஆயிரம் டாலர் வரை அபராதம். எவ்வளவு சிறிய பொட்டலமாக இருந்தாலும் 300 டாலருக்குக் குறையாமல் அபராதம் போட வேண்டும் என்று 2025 ஜூலை முதல் புதிய விதி வந்திருக்கிறது. மூன்று அவுன்சைத் தாண்டினால் பெரிய குற்றம்.

சரி, இரண்டு பக்கமும் அனுமதி உள்ள மாநிலங்களாக இருந்தால்? ஆரிகனுக்கு வடக்கே உள்ள வாஷிங்டன் மாநிலத்திலும் கஞ்சாக் கடை உண்டு. ஆனாலும் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது! எல்லை தாண்டுவது மத்திய அரசின் விவகாரம். தேசியப் பூங்காக்களும் மத்திய அரசின் நிலம். அங்கேயும் மாநில அனுமதி செல்லாது. வாங்கிய ஊரிலேயே முடித்துக்கொள்வது ஒன்றுதான் வழி. திரும்பும் நாளை நினைத்து, குறைவாக வாங்குகிறவர்தான் விவரம் தெரிந்தவர்.

விசா

அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குக் கடைக்காரர் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கடை வாசலில் பாஸ்போர்ட்டை வாங்குகிறவர் வயதைத்தான் பார்ப்பார். விசாவைப் பார்க்கமாட்டார்.

விசாவும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. அங்கே மாநிலச் சட்டம் பேசாது. "கஞ்சா உபயோகித்தது உண்டா?" என்று அதிகாரி கேட்கும்போது, "உண்டு, ஆனால் ஆரிகனில், சட்டப்படிதான்" என்று உண்மையைச் சொன்னாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். போலீசே பிடிக்காத ஒருவர்கூட, ஊருக்கு வந்து திரும்பும்போது உள்ளே விடாமல் நிறுத்தப்படலாம். குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு 2019 ஏப்ரலில் குடியுரிமை இலாகா தெளிவாகவே சொல்லிவிட்டது: கஞ்சாவைத் தொடாமல், அனுமதி பெற்ற கஞ்சாக் கடையில் வெறும் வேலைக்கு இருந்திருந்தாலும்கூட, அது தடையாகலாம்.